ஒரு தலைக்கட்டு குறைந்தது

என் மகன் தினேஷ்குமார் நெதர்லாந்துக் குடிமகன் ஆன செய்தியை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் நடப்பதை வெளியே சொல்லிக்கொண்டு திரியும் பழக்கம் என் தகப்பனார் காலத்திலிருந்தே கிடையாது. ஆனால் அவனே வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிட்டான். கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சான்றிதழோடு, பக்கத்தில் மருமகள் சசிரேகாவும் பேத்தியும். உத்திரமேரூர் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இருந்தவர் போனை நீட்டி எனக்கே அதைக் காட்டி வாழ்த்துச் சொன்னார். இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ள முடியாது, இங்கத்தியதை ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் விளக்கினார். “தெரியும்” என்றேன். தெரிந்திருக்கவில்லை.

ஒரு வகையில் அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஒரு மனிதன் ஓர் இடத்துக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். போனவன் போன இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், இருக்கிறவர்கள் இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அவன் அப்படி நினைக்கவில்லை. ஐந்தோவன் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே எங்கள் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பான். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு ஏன் கதவு இல்லை என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவான். ஊரில் இருப்பவர்கள் கும்பிடும் கைப் படத்தைப் போடுவார்கள். இதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்பதுதான் அந்தக் கையின் அர்த்தம். அவனுக்கு மட்டும் அது புரியாது. மறுநாள் மறுபடி கேட்பான்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தான். பேத்தியைக் காட்டவில்லை. எங்கள் ஊர் ஏரியைக் காட்டினான். ஆகாயத்திலிருந்து எடுத்த படம்.

“நைனா, இத்த பாருங்க. இது நான் காலேஜ் படிக்க சொல்ல எடுத்தது. இது இப்போ. ஏரி பாதியாயிட்டுகீது. இந்த நீலக் கூரை இன்னாது?”

“உனக்குத் தெரியாதா? ஜெகனோட கோழிப்பண்ண.”

“அது ஏரி, நைனா.”

“எனக்கும் கண்ணு கீது.”

“கண்ணு கீதில்ல. அப்பறம் ஏன் ஒருத்தரும் கேக்கல?”

என்னை என் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. போனை அவன் அம்மா தாயாரம்மாளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜெகன் என் சித்தப்பாவின் பேரன். எனக்கு மகன் முறை. அவனும் தினேஷும் ஒரே சைக்கிளில் உத்திரமேரூர் பள்ளிக்கூடம் போனவர்கள். தினேஷ் இன்ஜினீயர் ஆனான். ஜெகன் ரோடு கான்ட்ராக்ட் எடுத்தான். தண்ணீர் வற்றுகிற பக்கமாக ஏரிக்குள் மண் கொட்டி மேடாக்கி, அதில் நீளமாக ஒரு கோழிக்கொட்டகை போட்டான். அவன் மட்டுமல்ல, ஊரில் பாதிப் பேருக்கு ஏரிக்குள் பயிர் வைக்க ஒரு துண்டுக் கொல்லை இருந்தது. எனக்கு இல்லை. அடுத்தவன் சொத்தில் கால் வைக்கும் வீடு அல்ல எங்கள் வீடு. அது ஊர்ச் சொத்தாக இருந்தாலும் சரி.

ஏரிக்கரையின் தென்கோடியில் கருவேலந்தோப்பு இருக்கிறது. அதற்குள்ளே ஆண்டியின் ஆட்கள் குடிசை போட்டு இருந்தார்கள். இருளர் குடும்பங்கள். வயல் எலி பிடிப்பது, ஏரியில் மீன் பிடிப்பது, அறுவடைக் காலத்தில் களத்துக்குக் காவல், மற்ற நாளில் கிடைக்கிற கூலி. ஆண்டியின் தகப்பனை அங்கே கொண்டுவந்து குடிவைத்தவர் என் தகப்பனார். “இந்தக் கரையிலிருந்து உங்களை எவனும் எழுப்ப மாட்டான், இது என் வூட்டு வார்த்தை” என்று ஊர்க் கூட்டத்தில் வைத்துச் சொன்னார். காகிதம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு வார்த்தைக்குக் காகிதம் கேட்கிறவர்கள் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து ஆண்டியும் அவன் பெண்சாதி காளியம்மாளும் காலையில் வாசலில் வந்து நின்றார்கள். ஆண்டியின் கையில் ஒரு காகிதம். குடிசை மூங்கிலில் ஒட்டியிருந்ததைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்திருந்தான்.

“படிச்சி சொல்லுங்க ஐயா” என்றான். “எங்க பையன் மணி படிச்சான். அவன் சொல்றத நம்பறதா வேணாமான்னு தெரியல.”

“மணி இன்னா சொன்னான்?”

“எல்லாரும் காலி பண்ணிக்கினு போவணுமாம்.”

வாங்கிப் படித்தேன். ஏரிப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு, தாமாக அகற்றிக்கொள்ள வேண்டும், தவறினால் அகற்றப்படும். மேலே ‘பார்வை’ என்று போட்டு, யாருடைய மனுவின் பேரில் இந்த நடவடிக்கை என்று இருந்தது. திரு. வ. தினேஷ்குமார், தகப்பனார் பெயர் வரதன். என் பெயர். அதற்குக் கீழே நான் பிறந்த ஊர், அவன் இப்போது இருக்கும் நாடு.

மறைத்துப் படிக்கலாம் என்று தோன்றவில்லை. எங்கள் பெயர் எங்கே இருந்தாலும் அதை நான் உரக்கத்தான் படிப்பேன். படித்தேன்.

காளியம்மாள் ஆண்டியைப் பார்த்தாள். “எந்த தினேஷூ? நம்ம வூட்டாண்ட நண்டு ரசம் குடிக்க ஓடியாருமே, அந்தப் புள்ளயா?”

“பேர மாத்தி அடிச்சிகீறாங்கடி” என்றான் ஆண்டி. “ஆபீசுல தப்பு வராதா?”

“தப்பு இல்ல” என்றேன். “ஜெகன் கொட்டாய்க்குப் போட்ட மனு. சர்வே நம்பர் ஒண்ணா இருக்கறதால உங்க மேலயும் ஒட்டிட்டாங்க. போய் வேலயப் பாருங்க. யாரும் உங்கள எழுப்ப மாட்டாங்க. எங்கப்பா சொன்னது நான் சொன்ன மாதிரி.”

அவர்கள் போய்விட்டார்கள். அந்த முகங்களில் சந்தேகம் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

தினேஷுக்கு நானே போன் போட்டேன். நான் போடுவது வழக்கமில்லை என்பதால் பதறிப்போய் எடுத்தான்.

“அம்மாக்கு இன்னா நைனா?”

“அம்மாக்கு ஒண்ணுமில்ல. ஆண்டி வூட்ட இடிக்கச் சொல்லி எழுதிகீறியா?”

“ஆண்டி வூடா?”

“தோப்புல கீறாங்களே, மறந்துட்டியா?”

 மெதுவாகச் சொன்னான். “மேலேர்ந்து பாத்துதான் குறிச்சேன் நைனா. மரந்தான் தெரிஞ்சிது.”

உண்மைதான். கருவேல நிழலில் பனையோலையும் பழைய தார்ப்பாயும் போட்ட குடிசைகள் ஆகாயத்துக்குத் தெரியாது. பத்து வருஷமாக ஊரை அந்தப் படத்தில்தான் அவன் பார்க்கிறான். லீவில் வந்தால் பாதி நாள் சசிரேகா வீட்டில், மீதி நாள் கோயில்களில் போய்விடும். தோப்புப் பக்கம் போனதில்லை. படத்தில் இல்லாதது அவனுக்கு ஊரிலும் இல்லாமல் போய்விட்டது.

“நான் இப்பவே மெயில் போடறேன்” என்றான். “அவங்கள விட்டுட்டு ஜெகன்த மட்டும் எடுங்கன்னு எழுதறேன். பதில் கண்டிப்பா வரும்.”

பதில் வந்தது. விதிப்படி நடவடிக்கை எடுக்கப்படும், வீடு இழப்பவர்களுக்கு மாற்று இடம் பரிசீலிக்கப்படும் என்று. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். எழுத்தில் கொடுத்துவிட்டார்கள் நைனா, பயப்பட வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தான். எழுத்தில் கொடுத்தால் நடக்கிற நாட்டில் அவன் அத்தனை வருஷம் இருந்துவிட்டான்.

இதற்குள் ஜெகன் சென்னைக்குப் போய் கோர்ட்டில் ஸ்டே வாங்கி வந்துவிட்டான். நீலக் கூரையைத் தொட முடியாது. மற்றக் கொல்லைக்காரர்களும் ஆளுக்கொரு வக்கீலைத் தேடிப் போனார்கள். கருவேலந்தோப்புக்கு வக்கீல் யாரும் இல்லை.

சின்னப் பையன் வீட்டுக்கு நான் போய் நிற்பதில்லை. ஜெகனுக்குச் சொல்லி அனுப்பினேன். வரவில்லை. இரண்டாம் முறை சொல்லி அனுப்பவும் எனக்கு மனம் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கோழிப்பண்ணைக்கே போனேன்.

“வாங்க பெரியப்பா” என்று எழுந்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “நாஷ்டா ஆச்சா? முட்ட ஊத்தச் சொல்லட்டா, நம்ம பண்ண முட்ட. ஏரி முட்ட.”

அவனோடு இருந்த ஆட்கள் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை.

“ஆண்டி ஆளுங்க இன்னா பாவம் பண்ணாங்க ஜெகா?”

“என்ன ஏன் கேக்கறீங்க? நானா மனு போட்டேன்? ஹாலந்துலேர்ந்து வந்த மனு அது.” பிறகு ஆட்களைப் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “நான் ஏரியத் திருடனவன்தான், பெரியப்பா. இல்லன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா இங்கயே கெடக்கற திருடன். மய பேஞ்சி மதகு ஒடஞ்சிதே, அன்னிக்கி மணல்மூட்ட தூக்கனவன் நானு. உங்க புள்ள வீடியோ பாத்துட்டு லைக்கு போட்டான்.”

 மதகு உடைந்த அன்று அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றதை நானும் பார்த்திருக்கிறேன்.

“நம்ம வக்கீலு குடிசைங்களயும் கேசுல சேத்துடறேன்றாரு” என்றான். “ஒண்ணே ஒண்ணு. மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்னு தினேஷு எழுதிக் குடுக்கணும். அவன் எழுதனா ஆண்டி தோப்புல இருப்பான். நானும் இங்க இருப்பேன். எல்லாரும் இருந்தா மாதிரியே இருப்போம்.”

வரும் வழியில் வேறு வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு திருட்டுக்குக் காவல் நிற்கச் சொல்லி மகனிடம் கேட்கப்போகிறேன் என்பது தெரிந்தது. ஆனால் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் எங்கள் வார்த்தை. ஏரியை நாங்கள் வெட்டவில்லை. வார்த்தையை நாங்கள் கொடுத்தோம்.

அன்று அவனோடு பேசியது முழுதும் எனக்கு நினைவிருக்கிறது. தாயாரம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வாபஸ் வாங்கு” என்றேன்.

“வாங்கனா இன்னா ஆவும் தெரியுமா நைனா? ஜெகன் அடுத்த வருஷம் மீதிய முழுங்கிடுவான். அப்பறம் ஆண்டி எங்க மீன் புடிப்பாரு?”

“அத்த இங்க கீறவங்க பாத்துக்கறோம்.”

“இது வரைக்கும் இன்னா பாத்தீங்க? எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு சும்மா இருந்தீங்க. அதுக்குப் பேரு மரியாதயா?”

“நீ அங்க கீற. நீ எழுதறதோட வலி இங்க கீது. வலி உன் மேல வுழாத எடத்துலேர்ந்து எழுதாத.”

“நான் இங்க வந்துட்டா அந்த ஏரி என்னுது இல்லாம பூடுமா?”

“பூடும்” என்றேன். “பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு வந்தியே, அன்னிக்கே பூட்ச்சி. எனக்குக் கூட சொல்லாம குடுத்துட்டு வந்த.”

அவன் பின்னாலிருந்து சசிரேகாவின் குரல் கேட்டது. “வுட்டுடுங்களேன். நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? ஊர்ல இருக்கறவங்களே வேணாம்னு சொல்றாங்க.”

“நீ சும்மா இரு” என்று அவளிடம் சொன்னான். பிறகு என்னிடம் சொன்னான். “நைனா, எனக்கு இங்க ஒரு ஏரி கெடையாது. வாக்கிங் போற எடத்துல தண்ணி கீது, படகு கீது, எல்லாம் ஒழுங்கா கீது. நான் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கேக்கறதுக்கு எனக்குன்னு ஒண்ணு அங்கதான் கீது. அத்தயும் வுடுன்னா நான் இன்னா ஆளு?”

“அப்பன் சொல்றேன். எழுதிக் குடு.”

“முடியாது நைனா. மாற்று எடம் குடுத்துட்டுதான் எடுப்பாங்க. எழுத்துல குடுத்துகீறாங்க.”

போனை வைத்தேன். தாயாரம்மாள் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு பேரும் ஒரே மாதிரி. வளைய மாட்டீங்க.”

மாற்று இடம் கொடுத்துவிட்டு எடுக்கவில்லை. ஆனி மாதம் ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்தது. இரண்டு ஜீப், கொஞ்சம் போலீஸ். நான் வெள்ளை வேட்டி சட்டையோடு போய் ஆண்டியின் குடிசைக்கு முன்னால் நின்றேன். என்னைத் தாண்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். வந்திருந்த அதிகாரி இளவயதுக்காரர். மரியாதை தெரிந்தவர்.

“ஐயா, கோர்ட் உத்தரவு. ஏரில யாருக்கும் பட்டா குடுக்க முடியாது” என்றார். “எங்களுக்கு இவங்க மேல கோவமா? வாராவாரம் ஏன் ஆக்‌ஷன் எடுக்கலன்னு மேலிடத்துக்கே மெயில் போடறது உங்க பையன்தான். கொட்டகைக்கு ஸ்டே இருக்கு. எடுத்துட்டோம்னு காட்ட எங்களுக்கு இதுதான் மிச்சம்.”

ஒரு போலீஸ்காரர் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து மர நிழலில் போட்டார். “பெரியவரே, வெயில்ல நிக்காதீங்க, இங்க உக்காருங்க” என்று என் கையைப் பிடித்தார். அதட்டியிருந்தால் நான் நின்றிருப்பேன். அத்தனை பேருக்கு முன்னால் ஒரு கிழவனைக் கைப்பிடித்து ஓரமாகக் கூட்டிப்போவது போலக் கூட்டிப்போனார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. ஆனால் ஓரமாகத்தான் நின்றேன்.

மணியின் பெண்சாதி நதியா ஜேசிபி ஓட்டுகிறவனிடம் போய் ஏதோ சொன்னாள். அவன் என்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். உள்ளே போய் முட்டையில் உட்கார்ந்திருந்த கோழியைக் கூடையோடு தூக்கி வந்தாள். பிறகு அவன் தொடர்ந்தான். நாழி ஆகவில்லை. சரிவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கள் தெய்வம் கன்னியம்மாவுக்கு என்று நட்டுவைத்திருந்த கற்களைக் காளியம்மாள் தன் முந்தானையில் கட்டிக்கொண்டாள். தூரத்தில் நீலக் கூரைக்குக் கீழே கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

அவர்கள் மானாம்பதி ரோட்டோரம் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார்கள். மாற்று இடம் என்று காட்டியது கல்லுடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் இல்லாத மேடு. போய்ப் பார்த்துவிட்டு மணி திரும்பி வந்துவிட்டான்.

நான் அங்கே போனேன். என் போர்வெல் கொல்லையில் மேற்கு மூலையைத் தருகிறேன், பத்திரம் எழுதியே தருகிறேன் என்றேன். என் வீட்டில் ஒருவரையும் கேட்காமல்தான் சொன்னேன். கேட்க வேண்டியதும் இல்லை.

ஆண்டி எழுந்து நின்றுகொண்டிருந்தான். எனக்கு எதிரே அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“வேணாம் ஐயா” என்றான்.

“ஏன்?”

“உங்க வூட்டு வார்த்தையில இருந்தோம். எங்கப்பாவும் இருந்தாரு. நல்லாதான் இருந்தோம்.” தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினான். “இன்னொரு வார்த்த வேணாங்க.”

“பத்திரம் எழுதித் தரேன்னு சொல்றேன்.”

“உங்களுக்கு அப்பறம் சின்னவருதான ஐயா?” என்றாள் காளியம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டே சொன்னாள்.

யாரிடமும் நான் அப்படி ஒரு பேச்சு வாங்கிக்கொண்டு திரும்பியதில்லை.

ஆடி பிறந்தது. பொன்னியம்மனுக்குக் கூழ் வார்க்க ஊர்க் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. கூட்டத்தில் ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரையும் கூப்பிட்டு, கோயில் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். அதை வாங்கினவன் ஊர்க்காரன். அவன் வீட்டுச் சாவுக்கு ஊர் தோள் கொடுக்கும், கல்யாணத்துக்கு ஊர் வந்து நிற்கும். வெளியூரில் இருப்பவனுக்காக வீட்டில் இருப்பவர் எழுந்து ‘கீறான்’ என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். தினேஷுக்காக ஒவ்வொரு வருஷமும் நான் வாங்கினேன்.

அந்த வருஷம் கூட்டம் ஒரு மாதிரியாக இருந்தது. ஏரியை அளந்ததில் பாதிப் பேருடைய கொல்லைக்கு நோட்டீஸ் வந்திருந்தது. பெயர்களைப் படிப்பவர் கோயில் தர்மகர்த்தா சுகுமார். அவர் என் பெயரைப் படித்தார். வாங்கிக்கொண்டேன். அடுத்து தினேஷ்குமார் பெயருக்கு வருமுன்பே பின்னாலிருந்து ஒருவன் ஆரம்பித்தான்.

“ஓட்டு இங்க இல்ல. பாஸ்போர்ட்டு இங்க இல்ல. தலக்கட்டு மட்டும் இங்க இன்னாத்துக்கு?”

“அந்த ஊரு ராசாவுக்கு வரி கட்டறவம்பா அவன்.”

“கூழு கூரியர்ல போவுமா கேட்டுச் சொல்லுங்க. புளிச்சிடப் போவுது.”

சிரித்தார்கள். சுகுமார், “சும்மா இருங்கடா, பெரியவரு கீறாரு” என்றார். ஜெகன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ஆண்டாளம்மாள் மட்டும் கேட்டாள். “அவன் ஏரி சுருங்கிப்போச்சின்னு சொன்னானே, அது பொய்யா? அத்த யாராவது சொல்லுங்க.” அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

“ஒண்ணு அவன் வாபஸ் வாங்கணும், இல்ல தலக்கட்ட எடுக்கணும். ஊரு முடிவு பண்ணட்டும்” என்றான் முதலில் பேசியவன்.

என் வீட்டுப் பிள்ளையின் பெயரை ஊர் கை தூக்கி அடிப்பதை நான் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. கொடுத்த வார்த்தை அவனால் ரோட்டோரம் கிடக்கிறது. அதற்கு அவன் ஒரு விலை கொடுத்தாக வேண்டும். அதை என் கையால்தான் கொடுக்க வேண்டும். எழுந்தேன்.

“ஊரு ஒண்ணும் முடிவு பண்ண வேணாம்” என்றேன். “அந்தப் பேரக் கூப்பிடாத, சுகுமார். எங்க வூட்டுல இனிமே ஒரு தலக்கட்டுதான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஜெகன் தலையைத் தூக்கினான். “பெரியப்பா, அவசரப்படாதீங்க. இதுக்கா சொன்னாங்க, சும்மா பேசனாங்க” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. தட்டில் எடுத்து வைத்திருந்த வெற்றிலையைச் சுகுமார் திரும்பக் கட்டில் சேர்ப்பதை மட்டும் பார்த்தேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் தாயாரம்மாளுக்குச் செய்தி வந்துவிட்டது.

“இன்னா சொல்லிட்டு வந்துகீறீங்க?”

“சொல்ல வேண்டியத.”

“நாளைக்கி நீங்க போனா, நான் போனா, கொள்ளி வைக்கறவன் வெளியூர்க்காரனா வந்து ஓரமா நிக்கணுமா?”

“ஆண்டி இன்னிக்கி ஓரமாதான் நிக்கறான்.”

“ஆண்டிக்கு வூடு வந்துச்சா, நீங்க இத்த செஞ்சதால?”

கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள். தட்டில் தண்ணீர் தெளித்து, எப்போதும்போல ஒழுங்காகத்தான் போட்டாள்.

தினேஷை ஊர்க் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது. போன் செய்தான்.

“நைனா, என்ன எடுத்துட்டாங்களாம். உண்மையா?”

“அவங்க எடுக்கல. நான் எடுத்தேன்.”

சண்டை போடுவான் என்று தயாராக இருந்தேன். சட்டம் பேசுவான், அப்படி எடுக்க முடியாது என்பான், யாருக்காவது எழுதுகிறேன் என்பான்.  பின்னால் பேத்தி அந்த நாட்டுப் பாஷையில் ஏதோ கேட்டாள். அவளுக்கு அதே பாஷையில் பதில் சொன்னான். பிறகு என்னிடம், “சரி நைனா” என்றான்.

அவ்வளவுதான். மனுவைப் பற்றி அதன் பிறகு அவன் யாருக்கும் எழுதவில்லை என்று தெரிகிறது.

ஆண்டியின் ஆட்களைச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் லாரி அனுப்பி ஏற்றிக்கொண்டு போனார். மழைக்கு முன்னால் திரும்பி வருவார்கள் என்று சொன்னார்கள். மழை வந்து போயிற்று. மணி மட்டும் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் கண்ணில் பட்டான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டான். ஏறினானா, ஏறுவதுபோல் ஒதுங்கினானா என்று தெரியவில்லை.

ஜெகன் கேஸ் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. தோப்பு இப்போது காலியாக இருக்கிறது அல்லவா. தை மாதம் அங்கே மரம் வெட்டினார்கள். மண் கொட்டினார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். தூண் நடக் குழி எடுத்திருக்கிறார்கள், பழைய கொட்டகையைவிட நீளமாக. என்னைப் பார்த்ததும் வேலைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் யாரிடம் சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஊரில் கேட்கிற பிள்ளை ஒருவன்தான் இருந்தான்.

போனவன் விட்டுவிட வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். மாறவில்லை. அவன் விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். மாத்திரை சாப்பிட்டீர்களா, கால்வலி எப்படி என்று கேட்கிறான். தெருவிளக்கைக் கேட்பதில்லை. மழையைக்கூடக் கேட்பதில்லை. தாயாரம்மாள் தானாக ஊர்ச் செய்தி எதையாவது எடுத்தால், “அப்பிடியாம்மா” என்று கேட்டுக்கொள்கிறான், யாரோ ஒரு ஊரைப் பற்றிக் கேட்பதுபோல.

நேற்றும் கூப்பிட்டான். அங்கே பனி என்றான். பேத்தி நீச்சல் கற்றுக்கொள்கிறாள் என்றான். மாத்திரை சாப்பிட்டேன் என்றேன். பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவன் வழக்கமாக வைத்துவிடும் இடம் அது. நேற்று உடனே வைக்கவில்லை.

“வேற இன்னா நைனா?” என்றான்.

தாயாரம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோப்புக்குப் போய்வந்ததை அவளிடம் நான் சொல்லியிருந்தேன்.

“வேற ஒண்ணுமில்லப்பா” என்றேன்.